நல்ல பழமைவாதியா, ஜெயிக்கிற பழமைவாதியா? குடியரசுக் கட்சியின் ஓயாத சண்டை

2022 நவம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரே நாளில், ஒரே மக்கள், இரண்டு பதவிகளுக்கு வாக்களித்தார்கள். ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் பிரையன் கெம்ப் ஏழு சதவீதத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு நின்ற அதே கட்சிக்காரர் ஹெர்ஷல் வாக்கர், கெம்ப்பைவிட சுமார் 2 லட்சம் வாக்கு குறைவாக வாங்கி, யாருக்கும் 50 சதவீதம் கிடைக்காததால் டிசம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில் ஜனநாயகக் கட்சியின் ரஃபேல் வார்னாக்கிடம் தோற்றார். அந்த ஒரு தோல்வியால் செனட்டில் ஜனநாயகக் கட்சியின் கை 51 இடங்களாக உயர்ந்தது.

ஒரே மாநிலம், ஒரே கட்சி, ஒரே நாள். பிறகு எப்படி இது நடந்தது? அமெரிக்க அரசியலில் "வெற்றி வாய்ப்பு உள்ள வேட்பாளர்" என்று இவ்வளவு பேசுகிறார்களே, அப்படி ஒரு பொருள் நிஜமாகவே இருக்கிறதா, இல்லை, கட்சி மேலிடம் தனக்குப் பிடிக்காதவர்களை ஒதுக்கச் சொல்லும் சாக்கா? குறைந்த வரி, சிறிய அரசாங்கம், துப்பாக்கி உரிமை, கருக்கலைப்பு எதிர்ப்பு, எல்லைக் கட்டுப்பாடு என்று கொள்கை வைத்திருக்கும் இளம் பழமைவாதிகள் ஒவ்வொரு தேர்தலிலும் மோதிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். நானும் வயதிலும் கருத்திலும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இதில் தெளிவான நிலைப்பாடு உண்டு, ஆனால் அதற்கு முன்னால் அடிப்படையிலிருந்து வருவோம்.

வேட்பாளரை முடிவு செய்வது யார்?

இந்தியாவில் சீட்டு கொடுப்பது கட்சித் தலைமை. அமெரிக்காவில் பெரும்பாலும் வாக்காளர்களே பிரைமரி என்ற உட்கட்சித் தேர்தலில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தலைமைக்குப் பிடிக்காவிட்டாலும் அவர்தான் வேட்பாளர். டெலவேர் போன்ற மாநிலங்களில் கட்சியில் பதிவு செய்தவர் மட்டுமே வாக்களிக்கலாம், அதற்கு மூடிய பிரைமரி என்று பெயர். ஜார்ஜியா போன்ற இடங்களில் யாரும் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் வாக்களிக்கலாம், ஆனால் ஏதாவது ஒன்றில்தான். (அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர், நம் ஊர் முதலமைச்சருக்கு ஒப்பான அதிகாரம் உள்ளவர்.)

இதில் கவனிக்க வேண்டியது, பிரைமரிக்கு வருகிற கூட்டம் பொதுத்தேர்தலுக்கு வருகிற கூட்டத்தைவிட மிகச் சிறியது, கொள்கைப் பிடிப்பு அதிகம் உள்ளது. ஆக, ஒரே வேட்பாளர் இரண்டு வேறு வேறு தேர்வாளர்களிடம் தேற வேண்டியிருக்கிறது. முதல் தேர்வில் எது மதிப்பெண் வாங்கித் தருகிறதோ அதுவே இரண்டாவதில் மதிப்பெண்ணைக் குறைக்கலாம்.

கட்சிச் சின்னம் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும்?

செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழி செய்த 17ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1913இல் வந்தது. அதற்குப் பிறகு முதன்முறையாக 2016இல், செனட் தேர்தல் நடந்த ஒவ்வொரு மாநிலத்திலும் அதிபர் வாக்கை வென்ற கட்சியே செனட் இடத்தையும் வென்றது. 2020இல் இதற்கு ஒரே விதிவிலக்கு மெய்ன். முன்பெல்லாம் அதிபருக்கு ஒரு கட்சி, செனட்டருக்கு இன்னொரு கட்சி என்று பிரித்துப் போடுவது சகஜம், இப்போது அந்தப் பழக்கம் சுருங்கிவிட்டது. அரசியல் ஆய்வாளர்கள் இதற்கு எதிர்மறைக் கட்சிப்பற்று என்று பெயர் வைத்திருக்கிறார்கள்: சொந்தக் கட்சி மேல் அன்பு இருக்கிறதோ இல்லையோ, எதிர்க்கட்சி மேல் உள்ள வெறுப்பே ஆளை வாக்குச்சாவடிக்கு இழுத்துவருகிறது.

இதைப் பார்த்துவிட்டு இளம் நண்பர்கள் பலர் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். எல்லோரும் கட்சி பார்த்துத்தான் போடுகிறார்கள், அப்படியென்றால் வேட்பாளர் யாராக இருந்தால் என்ன, நமக்குப் பிடித்த சுத்தமான பழமைவாதியையே நிறுத்துவோமே என்று. பாதி உண்மை இது. கட்சிக்கு 20 சதவீதம் சாதகமான மாநிலத்தில் வேட்பாளர் சுமாராக இருந்தாலும் கரை சேர்ந்துவிடுவார். ஆனால் செனட்டில் யார் கை ஓங்கும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டு, மூன்று சதவீதத்தில் முடிகிற ஏழெட்டு மாநிலங்கள். வேட்பாளரின் தரத்தால் அங்கே நாலு சதவீதம் நகர்ந்தால் முடிவே தலைகீழ். கட்சிப்பற்று இறுக இறுக, மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்சம் பேரின் வாக்குக்கு விலை கூடுகிறது.

சாதகமான மாநிலமும் எப்போதும் காப்பாற்றாது. 2016இல் டிரம்ப் 28 சதவீத வித்தியாசத்தில் வென்ற அலபாமாவில், அடுத்த ஆண்டே ராய் மூர் என்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் செனட் இடைத்தேர்தலில் தோற்றார். பதின்வயதுப் பெண்களிடம் தவறாக நடந்துகொண்டதாக அவர் மீது குற்றச்சாட்டுகள் வந்தன, அவர் மறுத்தார். தோல்வி வித்தியாசம் சுமார் 22,000 வாக்குகள். பட்டியலில் இல்லாத வேறு பெயர்களை எழுதிப் போட்ட வாக்குகள் மட்டும் அதைவிடச் சற்று அதிகம். அந்த மாநிலத்தின் மூத்த குடியரசுக் கட்சி செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பியே வேறு ஒரு பெயரைத்தான் எழுதினேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். இவர்கள் கட்சி மாறியவர்கள் இல்லை. இந்த ஆளுக்குப் போட மாட்டோம் என்றவர்கள், அவ்வளவுதான்.

பக்லி சொன்ன விதி

1964இல் பாரி கோல்ட்வாட்டரை அதிபர் வேட்பாளராக நிறுத்தியது பழமைவாதிகளின் பெரிய சாதனை, ஆனால் பொதுத்தேர்தலில் அவர் 50 மாநிலங்களில் 44ஐ இழந்தார். அந்த அலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் இரு அவைகளிலும் ஜனநாயகக் கட்சி பெரும் பெரும்பான்மை பெற்றது, மறு ஆண்டே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் சட்டமானது. சிறிய அரசாங்கம் வேண்டும் என்று கேட்டு நின்றதன் உடனடிப் பலன், அரசாங்கம் இன்னும் பெரிதானது.

அந்த அடியிலிருந்து பாடம் கற்ற பழமைவாத இதழாளர் வில்லியம் பக்லி 1967இல் சொன்னதுதான் இன்றும் பக்லி விதி என்று பேசப்படுகிறது: ஜெயிக்கக்கூடியவர்களில் மிகவும் வலதுபுறம் இருப்பவர் யாரோ அவரை ஆதரியுங்கள். கட்சி மேலிடத்துக்காரர்கள் "ஜெயிக்கக்கூடியவர்" என்ற பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். கொள்கைக்காரர்களுக்கு "மிகவும் வலதுபுறம்" என்ற பாதி மட்டும் காதில் விழும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அது விதி.

டெலவேர், 2010

ஜோ பைடன் துணை அதிபரானதால் காலியான செனட் இடம். மைக் காசில் முன்னாள் ஆளுநர், ஒன்பது முறை கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஜனநாயகக் கட்சியின் கோட்டையான மாநிலத்தில் திரும்பத் திரும்ப ஜெயித்துக் காட்டிய குடியரசுக் கட்சிக்காரர். ஆனால் 2009இல் கார்பன் வெளியீட்டுக்கு வரம்பு விதிக்கும் மசோதாவுக்குக் கீழவையில் ஆதரவாக வாக்களித்த எட்டுக் குடியரசுக் கட்சியினரில் அவரும் ஒருவர், துப்பாக்கி விஷயத்திலும் கட்சியோடு ஒத்துப் போகாதவர். குறைந்த வரி, சிறிய அரசாங்கம் கேட்டு எழுந்த டீ பார்ட்டி என்ற பழமைவாத இயக்கத்தின் அலை உச்சத்தில் இருந்த நேரம். கிறிஸ்டீன் ஓ'டானல் அவரை எதிர்த்து நின்று, மூடிய பிரைமரியில் 53க்கு 47 என்று ஜெயித்தார்.

அந்தப் பிரைமரியில் வாக்களித்தவர்கள் மொத்தமே சுமார் 57,000 பேர். காசில் தோற்றது 3,500 சொச்சம் வாக்குகளில். நவம்பர் பொதுத்தேர்தலில் 3 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், ஓ'டானல் 17 சதவீத வித்தியாசத்தில் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸிடம் தோற்றார். அந்த இடம் அதற்குப் பிறகு குடியரசுக் கட்சிக்குத் திரும்பவே இல்லை.

இங்கே என் வயதுக்காரர்கள் கேட்பது நியாயமான கேள்வி: கார்பன் மசோதாவுக்கு ஓட்டுப் போட்ட காசில் ஜெயித்து என்ன பிரயோஜனம்? பதில் செனட் இயங்கும் விதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மசோதாவிலும் ஒரு செனட்டர் எப்படி வாக்களிக்கிறார் என்பது அவருடைய வேலையில் ஒரு பகுதிதான். அவர் செய்கிற முதல் காரியம், எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை என்ற எண்ணிக்கையில் ஒரு தலையாக நிற்பது. பெரும்பான்மைக் கட்சித் தலைவர்தான் எது விவாதத்துக்கு வரும், எது வராது என்று முடிவு செய்கிறார். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆண்டனின் ஸ்கலியா இறந்தபோது, அதிபர் ஒபாமா அந்த இடத்துக்கு மெரிக் கார்லண்டைப் பரிந்துரைத்தார், ஆனால் நியமனத்துக்குச் செனட்டின் ஒப்புதல் வேண்டும். செனட்டில் பெரும்பான்மை வைத்திருந்த மிட்ச் மெக்கானல் விசாரணையே நடத்தவில்லை, கடைசியில் 2017இல் நீல் கோர்சச் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெரும்பான்மையில் மெய்னின் சூசன் காலின்ஸ் போன்ற மிதவாதிகளும் அடக்கம். அவர்களின் தலையும் எண்ணப்பட்டதால்தான் விசாரணை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமே மெக்கானலுக்குக் கிடைத்தது.

2012இல் இதே கதை இன்னும் இரண்டு இடங்களில். இண்டியானாவில் ஆறு முறை செனட்டரான ரிச்சர்ட் லூகரைப் பிரைமரியில் வீழ்த்திய ரிச்சர்ட் மர்டாக், அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ராம்னி 10 சதவீதத்தில் வென்ற அதே மாநிலத்தில் தோற்றார். மிசௌரியில் நடந்ததுதான் எனக்கு மிகவும் வலிக்கிற உதாரணம். ஜனநாயகக் கட்சி செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் தன் பதவி ஆட்டம் காண்பதை அறிந்திருந்தார். அதனால் எதிர்க்கட்சிப் பிரைமரியில் தனக்கு எளிதான எதிரியான டாட் ஏகின் ஜெயிக்கும்படி சுமார் 17 லட்சம் டாலர் செலவழித்து விளம்பரம் செய்தார், "இவர் ரொம்பப் பழமைவாதி" என்று திட்டுவது போன்ற விளம்பரம். பிரைமரி வாக்காளர்களுக்கு அது பாராட்டாகவே கேட்கும் என்று அவருக்குத் தெரியும், பின்னாளில் அவரே இதையெல்லாம் வெளிப்படையாக எழுதினார். ஏகின் ஜெயித்தார், பாலியல் வன்முறை பற்றி ஒரு பேட்டியில் உளறினார், கிட்டத்தட்ட 16 சதவீதத்தில் தோற்றார். ராம்னி அங்கேயும் வென்றிருந்தார்.

"இவர்தான் ஜெயிப்பார்" என்று சொல்லித் தோற்ற கதைகள்

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இளைஞர்களுக்கு இந்த வாதத்தின் மேல் வந்த அவநம்பிக்கை காரணம் இல்லாமல் வந்ததில்லை.

1980 மார்ச்சில் முன்னாள் அதிபர் ஃபோர்ட், மிகவும் பழமைவாதியான ஒருவர் தேசிய அளவில் ஜெயிக்க முடியாது என்றார். அவர் மனதில் வைத்துப் பேசிய ரொனால்ட் ரேகன் நவம்பரில் 44 மாநிலங்களை வென்றார். 1996இல் டோல், 2008இல் மெக்கெயின், 2012இல் ராம்னி, மூவருமே பொது வாக்காளருக்கு ஏற்றவர் என்று முன்வைக்கப்பட்டவர்கள், மூவருமே தோற்றார்கள். 2016இல் டிரம்ப்பால் முடியவே முடியாது என்று கட்சிக்குள்ளேயே சொன்னார்கள், அவர் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றையும் சேர்த்து 80,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்று அதிபரானார். 2024 பிரைமரியில் நிக்கி ஹேலி, கருத்துக்கணிப்புகளில் பைடனைத் தான்தான் எளிதாக வெல்வேன் என்று காட்டியே வாக்குக் கேட்டார். வாக்காளர்கள் காது கொடுக்கவில்லை, டிரம்ப் எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழு ஊசலாட்ட மாநிலங்களையும் வென்றார். புளோரிடாவில் 2010 செனட் பிரைமரியில் மேலிடம் ஆதரித்த சார்லி கிரிஸ்ட், மார்கோ ரூபியோவிடம் பின்தங்கியதும் சுயேச்சையானார், பிறகு ஜனநாயகக் கட்சியிலேயே சேர்ந்துவிட்டார்.

பென்சில்வேனியா கதை இரு பக்கமும் வெட்டும். மிதவாதி ஆர்லன் ஸ்பெக்டர், பிரைமரியில் பாட் டூமியிடம் தோற்பது உறுதி என்று தெரிந்ததும் 2009 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சிக்குத் தாவினார். அதே ஆண்டு டிசம்பரில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா செனட்டில், விவாதத்தை முடித்துவைக்கத் தேவையான மிகச் சரியாக 60 வாக்குகளுடன் நிறைவேறியது, அதில் ஒன்று ஸ்பெக்டருடையது. ஆனால் 2010இல் டூமி அந்த இடத்தை வென்று, 2016இல் மீண்டும் வென்று, 12 ஆண்டு உறுதியான பழமைவாதியாக இருந்தார். இது லாபமா நஷ்டமா? டூமியை நிறுத்தியது சரி என்றுதான் நான் சொல்வேன், ஏனென்றால் அவர் அந்த மாநிலத்தில் ஜெயிக்கக்கூடியவராக இருந்தார். ஆனால் அந்த 60ஆவது வாக்கையும் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் வெற்றி வாய்ப்பு என்பது என்ன?

1. மிதவாதமும் வெற்றி வாய்ப்பும் ஒன்று கிடையாது. ஜார்ஜியாவின் கெம்ப் 2019இல் கருவின் இதயத் துடிப்பு தெரிந்த பிறகு கருக்கலைப்பைத் தடை செய்யும் சட்டத்திலும், 2021இல் பெரிய சர்ச்சைக்குள்ளான வாக்களிப்புச் சட்டத்திலும் கையெழுத்திட்டவர். கொள்கையில் அவர் வாக்கருக்கு எந்த விதத்திலும் இளைத்தவர் கிடையாது. நிர்வாகம் தெரிந்தவர், நிதானமாகப் பேசுபவர் என்ற பெயர்தான் வித்தியாசம். டிரம்ப் ஆதரித்த டேவிட் பெர்டியூவை 2022 பிரைமரியில் கெம்ப் 50 சதவீதத்துக்கும் மேலான வித்தியாசத்தில் தோற்கடித்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரைமரி வாக்காளர்கள் எப்போதும் தவறாகத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதும் பொய்.

2. ஆனால் தூரமாகப் போவதற்கு ஒரு விலை உண்டு. 1980 முதல் 2010 வரையிலான கீழவைத் தேர்தல்களை எடுத்துக்கொண்டு ஆண்ட்ரூ ஹால் என்ற அரசியல் அறிஞர் ஆராய்ந்தார். நூலிழையில் முடிந்த பிரைமரிகளில் மிதவாதிக்குப் பதில் தீவிரர் ஜெயித்தால், பொதுத்தேர்தலில் கட்சியின் வாக்கு சராசரியாக 9 முதல் 13 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. பிந்தைய ஆய்வில், தீவிரரைப் பார்த்து எதிர்க்கட்சி வாக்காளர்கள் திரண்டு வருவது இதற்கு முக்கியக் காரணம் என்று தெரிந்தது. நம் ஆளை நிறுத்தினால் நம் ஆட்கள் உற்சாகமாக வருவார்கள் என்ற கணக்கில் விட்டுப்போகும் பகுதி இதுதான்.

3. மாநிலத்தை மீறி யாரும் ஜெயிக்க முடியாது. மேரிலாந்தில் இரண்டு முறை ஆளுநராக வென்ற லாரி ஹோகன் 2024இல் செனட்டுக்கு நின்றார். டிரம்ப் அங்கே சுமார் 28 சதவீதத்தில் தோற்றபோது ஹோகன் 12இல் தோற்றார். 16 புள்ளிகள் கூடுதலாக இழுத்தது அபாரமான சாதனைதான், இருந்தும் இடம் கிடைக்கவில்லை. மெய்னில் 2020இல் பைடன் 9 சதவீதத்தில் வென்றபோது காலின்ஸ் கிட்டத்தட்ட அதே அளவு வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டுக்கும் நடுவே எங்கோ எல்லைக்கோடு இருக்கிறது.

4. டிரம்ப்பின் வாக்கு டிரம்ப்புக்கு மட்டுமே சொந்தம். 2024இல் அவர் அரிசோனாவை ஐந்து சதவீதத்துக்கு மேல் வென்றார், அதே நாளில் அவர் பாணியிலேயே பேசும் செனட் வேட்பாளர் கேரி லேக் அங்கே தோற்றார். வட கரோலினாவில் அவர் மூன்று சதவீதத்தில் வென்றபோது, ஆளுநர் வேட்பாளர் மார்க் ராபின்சன் கிட்டத்தட்ட 15இல் தோற்றார். பழைய பேச்சுகளும், அவர் எழுதியதாகச் சொல்லப்பட்டு அவர் மறுத்த இணையப் பதிவுகளும் ராபின்சனைக் கவிழ்த்தன. டிரம்ப்பின் பாணியைப் பிரதி எடுப்பவருக்கு அவருடைய சேதம் முழுசாக வரும், ஆதரவு பாதிதான் வரும்.

5. எதிரி யாருக்குச் செலவழிக்கிறான் என்று பாருங்கள். மிசௌரி வித்தை 2022இல் பல மாநிலங்களில் திரும்ப நடந்தது. பென்சில்வேனியா ஆளுநர் பிரைமரியில் டக் மாஸ்ட்ரியானோவை ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜாஷ் ஷபீரோவின் விளம்பரமே தூக்கிவிட்டது, நவம்பரில் அவரை ஷபீரோ கிட்டத்தட்ட 15 சதவீதத்தில் வென்றார். ஒருவரை எதிர்க்கட்சியே வேட்பாளராக விரும்புகிறது என்றால் அதைவிட நேர்மையான கருத்துக்கணிப்பு வேறு கிடைக்காது.

2022 ஆகஸ்டிலேயே மெக்கானல், செனட் தேர்தல்களில் வேட்பாளரின் தரம் நிறைய விஷயங்களைத் தீர்மானிக்கும் என்று எச்சரித்தார். அவர் மேல் இளைஞர்களுக்குக் கோபம் இருந்தது, அதனால் சொன்னவரைப் பார்த்தார்களே தவிர சொன்ன விஷயத்தைப் பார்க்கவில்லை.

விதிகளை மாற்றினால்?

கொஞ்சம் உதவும். வர்ஜீனியாவில் 2021இல் பிரைமரிக்குப் பதிலாக, விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் கட்சி மாநாடு நடந்தது. பலருக்கு இரண்டாவது, மூன்றாவது விருப்பமாக இருப்பவருக்கும் அதில் வாய்ப்பு உண்டு. அதில் ஆளுநர் வேட்பாளரான கிளென் யங்கின், பைடன் 10 சதவீதத்தில் வென்ற மாநிலத்தை அடுத்த ஆண்டே இரண்டு சதவீதத்தில் வென்றார். பள்ளிக்கூடங்களில் பெற்றோரின் உரிமை என்ற முழுப் பழமைவாதப் பிரச்சினையை முன்வைத்து வென்றார் என்பது எனக்கு முக்கியம்.

ஆனால் எந்த விதி வந்தாலும் கடைசியில் ஒரு மனிதர் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். 2026 நவம்பரில் மெய்ன் செனட் இடம் மறுபடி தேர்தலுக்கு வருகிறது. காலின்ஸின் பதிவு எல்லோருக்கும் தெரியும். 2017 ஜூலையில் ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்யும் முயற்சி 49க்கு 51 என்று தோற்றபோது, எதிர்த்து வாக்களித்த மூன்று குடியரசுக் கட்சியினரில் அவர் ஒருவர். 2020இல் டிரம்ப் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்த நீதிபதி பாரெட்டுக்கு எதிராக வாக்களித்தார். 2018இல் அதே போல டிரம்ப் பரிந்துரைத்த நீதிபதி கவனாவுக்கு ஆதரவாக வாக்களித்தார், அது 50க்கு 48 என்று நூலிழையில் தேறியது. முதல் இரண்டுக்காக அவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் 2024இல் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் வென்ற மாநிலம் அது. அங்கே அவரைவிட வலதுபுறம் நிற்பவரும், மாநிலம் முழுக்க ஜெயித்துக் காட்டியவருமான ஒரு பெயரை யாராவது எனக்குச் சொன்னால் அவருக்காக நான் வீடு வீடாகப் போகத் தயார். அப்படி ஒரு பெயரை இதுவரை யாரும் சொல்லவில்லை.